மேனியை நம்பாத அளவுகோல்

(வானியல் ஆர்வலர்களிடையே ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வடக்கு வானில் சப்தரிஷி மண்டலத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் வசிஷ்டரைத்தான் தேடுவார்கள். பக்கத்தில் அருந்ததி இருப்பதால் அவருக்கு அந்த மவுசு. பட்டப்பகலில் நடக்கும் கல்யாணத்தில்கூட அருந்ததியைப் பார்த்துவிட்டதாகத் தலையாட்டும் மாப்பிள்ளைகள் நம்மிடம் உண்டு. வசிஷ்டருக்கு அடுத்தவர் அங்கிரஸ். மேல்நாட்டு அட்டவணைகளில் அலியோத். ஏழு பேரில் ஒரு மாற்று கூடுதலாக ஒளிர்பவர் இவரே. இவருடைய ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கிப் பார்த்தால், குரோமியம் போன்ற தனிமங்களின் வரிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை வலுத்து, மெலிந்து, மறுபடி வலுக்கின்றன. சாதாரண விண்மீன் இப்படிச் செய்யாது.

குளிர்கால இரவுகளில் பளிச்சென்று தெரிகிற சிரியஸும் இந்த வகையறாதான். வானத்திலேயே மிகப் பிரகாசமான அந்த விண்மீனின் மேற்பரப்பில் இரும்பு, சூரியனில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து அமைக்கும் பெரிய சதுரத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் அல்ஃபெராட்ஸில் பாதரசமும் மாங்கனீசும் அளவுக்கு மீறி இருக்கின்றன. எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும் அபூர்வங்களைப் பற்றிப் பேச வரவில்லை என்று சொல்வதற்காகவே இந்த மூன்றையும் சொன்னேன். இவற்றை வேதி விசித்திர விண்மீன்கள் என்கிறோம். 2009இல் ரென்சன், மான்ஃப்ராய்ட் இருவரும் வெளியிட்ட அட்டவணையில் 8000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. சூரியனைவிடச் சூடான, வெண்மையும் நீலவெண்மையுமான ஏ, பி வகை விண்மீன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, வலுவான காந்தப்புலத்தோடு இப்படி விசித்திரமாக இருக்கிறது.

இவற்றில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்ற கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. கேட்கச் சுவையான கதைதான், நானும் கொஞ்சம் சொல்வேன். ஆனால் என் அக்கறை வேறு. இந்த விண்மீன்களின் சூடு எவ்வளவு? ஆரம் எவ்வளவு? நிறை எவ்வளவு? கேள்வி எளிது. ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுகளாக வானியலாளர்களை அலைக்கழித்த கேள்வி இதுதான். காரணம், விண்மீனை அளக்க நாம் வழக்கமாக எடுக்கும் அளவுகோல்கள் எல்லாமே அதன் மேற்பரப்பை நம்புகிறவை. இந்த விண்மீன்களிலோ மேற்பரப்புதான் பொய் சொல்கிறது.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஹார்வர்டு வானாய்வகத்தில் அண்டோனியா மோரி என்ற பெண்மணி விண்மீன்களின் நிறமாலைகளைப் புகைப்படத் தகட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தினார். 1897இல் வெளியான அவருடைய பட்டியலில் ஆல்பா-2 கேனம் வெனடிகோரம் என்ற விண்மீன் வகைக்குள் அடங்காமல் நின்றது. 1913இல் ரஷ்யாவின் பெலபோல்ஸ்கி, அதே விண்மீனின் சில வரிகள் ஐந்தரை நாள் சுற்றில் மாறுவதைக் காட்டினார். அந்த வரிகளில் முக்கியமானது யூரோப்பியத்துடையது என்பதும் அந்தக் காலகட்டத்திலேயே தெரிந்துவிட்டது. யூரோப்பியம் அருமண் தனிமம், அதாவது பூமியிலேயே தேடி எடுக்க வேண்டிய சரக்கு. பிறகு 1947இல் ஹோரஸ் பாப்காக், 78 வெர்ஜினிஸ் என்ற விண்மீனில் சுமார் 1500 காஸ் காந்தப்புலம் இருப்பதை அளந்து வெளியிட்டார். சூரியனுக்கு வெளியே ஒரு விண்மீனில் காந்தப்புலம் அளக்கப்பட்டது அதுவே முதல் தடவை. சூரியனின் பொதுவான புலம் ஒரு காஸ் அளவில்தான் இருக்கிறது. பூமியுடையது அரை காஸ். 1960இல் அவரே கண்டுபிடித்த இன்னொரு விண்மீனில் 34,000 காஸ் இருந்தது. இன்று அதற்குப் பாப்காக் விண்மீன் என்றே பெயர்.

அந்த அளவீட்டு முறை எளிமையானது, அழகானதும்கூட. காந்தப்புலத்துக்குள் இருக்கும் அணு வெளியிடும் வரி, பல துண்டாகப் பிளக்கும். 1896இல் சீமன் ஆய்வகத்தில் கண்டது இது. பிளவின் அகலம் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதம். பாப்காக் விண்மீன் போன்ற சிலவற்றில் பிளவு நேரடியாகவே தெரியும். மற்றவற்றில் சுழற்சி வரியை அகலப்படுத்திப் பிளவை மறைத்துவிடும். அப்போது இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளியைத் தனித்தனியே பதிவுசெய்து இரண்டுக்கும் இடையே வரி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த அளவீடு விண்மீனில் இரும்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. வரியின் இடப்பெயர்ச்சி போதும். நான் மதிக்கும் அளவீடுகள் இந்தச் சாதியைச் சேர்ந்தவை.

இனி விசித்திரத்துக்குக் காரணம். கனடாவின் ஜார்ஜஸ் மிஷோ 1970இல் கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. விண்மீனின் வெளிப்படலம் அலைக்கழிக்கப்படாமல் அமைதியாக இருந்தால், அங்கே ஒவ்வொரு தனிமத்தின் மீதும் இரண்டு விசைகள் இழுபறி நடத்தும். ஈர்ப்பு கீழே இழுக்கும். உள்ளிருந்து வரும் ஒளி மேலே தள்ளும். எந்த அணுவுக்கு ஒளி மிகுதியாக வருகிற அலைநீளங்களில் உறிஞ்சும் வரிகள் நிறைய உண்டோ, அது மேலே தள்ளப்படும். அருமண் தனிமங்களுக்கு வரிகள் ஆயிரக்கணக்கில், அதனால் அவை மேலேறுகின்றன. ஹீலியம் போன்றவை கீழே அமிழ்கின்றன. வேகமாகச் சுழலும் விண்மீனில் உள்ளே நீரோட்டங்கள் கிளம்பி எல்லாவற்றையும் கலக்கிவிடும். மெதுவாகச் சுழல்வதில் கலக்கம் குறைவு. வலுவான காந்தப்புலம் இருந்தால் வெப்பச்சலனமும் அடங்கிவிடும். விசித்திர விண்மீன்கள் பெரும்பாலும் சோம்பலாகச் சுழல்பவை என்பதற்குக் காரணம் இதுவே.

ஆக, விண்மீன் பிறந்தபோது அதன் மொத்தச் சரக்கில் விசித்திரம் ஒன்றும் இல்லை. யூரோப்பியம் புதிதாக உற்பத்தியாகவில்லை. உள்ளே பரவிக் கிடந்தது மேலே வந்து குவிந்திருக்கிறது, அவ்வளவுதான். மெல்லிய ஒரு வெளிப்படலம் மட்டும் மாறியிருக்கிறது, அதற்குக் கீழே சாதாரண விண்மீன். ஆனால் நம் கண்ணுக்கு வரும் ஒளி முழுவதும் அந்த வெளிப்படலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண விண்மீனின் வெப்பநிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? நிறத்தைப் பார்த்து. நீல வடிகட்டி வழியாக எவ்வளவு ஒளி, மஞ்சள் வடிகட்டி வழியாக எவ்வளவு ஒளி என்று அளந்து, வித்தியாசத்தை ஏற்கெனவே தயாரித்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும். விசித்திர விண்மீனில் இது ஏன் செல்லாது என்றால், அருமண் தனிமங்களும் இரும்பும் குரோமியமும் புற ஊதாப் பகுதியில் ஆயிரக்கணக்கான வரிகளைப் போட்டு ஒளியை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும் பகுதியில் வெளியே வருகிறது. விளைவு: உண்மையில் இருப்பதைவிட வேறு வெப்பநிலையை நிறம் காட்டும். 1968இல் ஏவப்பட்ட ஓ.ஏ.ஓ.-2 செயற்கைக்கோள் இதை நேரடியாகக் காட்டியது. ஆல்பா-2 கேனம் வெனடிகோரம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசமாகும் அதே வேளையில் புற ஊதாவில் மங்குகிறது. இங்கே ஏறும்போது அங்கே இறங்குகிறது. வரி போடும் தனிமங்கள் திட்டுத்திட்டாக இருக்கின்றன, விண்மீன் சுழலும்போது அந்தத் திட்டுகள் நம் பக்கம் வந்து போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சரி, நிறத்தை விட்டுவிட்டு வரிகளைப் பார்ப்போம் என்றால், மேகநாத் சாகா 1920இல் கொடுத்த சமன்பாடு குறுக்கே வந்து நிற்கும். ஒரு வரி எவ்வளவு வலுவாக இருக்கும் என்பது அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து நிற்கின்றன என்பதையும் பொறுத்தது. அது வெப்பநிலையின் கையில். ஆகவே தனிம அளவு தெரிய வெப்பநிலை வேண்டும். இந்த விண்மீனின் வெப்பநிலை தெரியவோ, ஒளியை அடைக்கும் தனிமங்களின் அளவு வேண்டும். ஒன்றை யூகித்து மற்றதைக் கணக்கிட்டு, திரும்பி வந்து முதலாவதைத் திருத்தி, சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடுவார்கள். பல நேரங்களில் கணக்கு ஒரு நிலைக்கு வந்து நிற்கும். நின்ற இடம் சரியான இடம் என்று எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

இதற்கு உச்சமான உதாரணம் சென்டாரஸ் தொகுதியில் இருக்கும் எச்.டி. 101065. 1961இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அந்தோனி ப்ஷிபில்ஸ்கி இதைக் கண்டுபிடித்தார். பெயரை உச்சரிக்க நானும் பழகிக்கொண்டுதான் வந்தேன். இதன் நிறமாலையில் இரும்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹோல்மியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களின் வரிகளோ காடாய் மண்டியிருந்தன. சாதாரண அளவுகோல்கள் இதில் தடுமாறியதால் வெப்பநிலை பற்றி நீண்ட காலம் சர்ச்சை நடந்தது. இன்று 6500 கெல்வினை ஒட்டிப் பேசுகிறார்கள். வேற்றுக்கிரகத்தார் தங்கள் அணுக்கழிவை இந்த விண்மீனில் கொட்டியிருப்பார்கள் என்று ஒரு பேச்சும் அவ்வப்போது கிளம்பும். கேட்க ரசமாக இருக்கும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சுற்றுக்குள் சுற்றும் இந்தக் கணக்கிலிருந்து வெளியே வர ஒரே வழி, விண்மீனின் வேதியியலைக் கேட்காத அளவுகளைத் தேடுவது. மூன்று அளவுகள் போதும். விண்மீன் வானில் எத்தனை அகலமாகத் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எல்லா அலைநீளங்களும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு ஆற்றல் நம்மிடம் வந்து சேர்கிறது. அகலமும் தூரமும் தெரிந்தால் ஆரம் வந்துவிடும். அது வெறும் வடிவியல். அகலமும் மொத்த ஆற்றலும் தெரிந்தால் வெப்பநிலை வந்துவிடும். அது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி, பள்ளிக்கூடப் பாடம்.

சொல்ல எளிது. அகலத்தை அளப்பதுதான் கடினம். சூடான விண்மீன்களில் இதை முதலில் சாதித்தவர் நம்மூரில் பிறந்தவர் என்பது இங்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். ராபர்ட் ஹான்பரி பிரவுன், 1916இல் நீலகிரியில் அருவங்காட்டில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் பொறுப்பிலிருந்த ராணுவ அதிகாரி. ஹான்பரி பிரவுனும் அவருடைய கூட்டாளி ட்விஸ்ஸும் சேர்ந்து, ராணுவம் கழித்துப்போட்ட இரண்டு தேடொளி விளக்குகளின் கண்ணாடிகளை இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் நிறுத்தி, இரண்டிலும் விழும் சிரியஸ் ஒளியின் ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டார்கள். 1956இல் வெளியான விடை: சிரியஸின் கோண விட்டம் 6.3 மில்லி ஆர்க்செகண்ட். ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் கிடைப்பது ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆர்க்செகண்ட். அப்படி இரண்டு ஒளிக்கற்றைகளின் ஏற்ற இறக்கம் தொடர்புடையதாக இருக்கவே முடியாது என்று அன்றைய இயற்பியலாளர்களில் பலர் வாதிட்டார்கள். வாதம் தோற்றது. பின்னர் ஹான்பரி பிரவுன் ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு பெரிய பிரதிபலிப்பான்களை ஓடவிட்டு 32 விண்மீன்களை அளந்து முடித்தார்.

சிரியஸை அவர் தேர்ந்தெடுத்தது அதன் பிரகாசத்துக்காக. அதன் விசித்திரத்தை நினைத்தல்ல. ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால், கோண விட்டம் அளக்கப்பட்ட முதல் வேதி விசித்திர விண்மீன் அதுதான். இன்றைய துல்லியமான மதிப்பு 6.04. தூரம் 8.6 ஒளியாண்டு. இரண்டையும் சேர்த்தால் ஆரம் சூரியனைப்போல் 1.71 மடங்கு. நிறையும் சிரியஸில் கைக்கு எட்டுகிறது. அதற்கு 50 ஆண்டில் சுற்றி வரும் வெண்குள்ளன் துணை ஒன்று உண்டு, ஒருவரை ஒருவர் சுற்றும் பாதையை அளந்தால் நிறை 2.06 சூரிய நிறை என்று கிடைக்கிறது. மேற்பரப்பில் இரும்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று இந்தக் கணக்கில் எங்கேயும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் சிரியஸ் சாதுவான விசித்திரம். பலத்த காந்தப்புலமும் அருமண் தனிமங்களும் கொண்ட வகையில் ஒன்றை இப்படி அளக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விண்மீன் ஆல்பா சர்சினி. தெற்கே ஆல்பா சென்டாரிக்குப் பக்கத்தில், 54 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால்கூட அடிவானத்திலிருந்து 17 பாகைக்கு மேல் ஏறாது. ஹான்ஸ் ப்ருன்ட் குழுவினர், நராப்ரிக்கு அருகிலேயே இருந்த சிட்னி பல்கலைக்கழகக் குறுக்கீட்டுமானி என்ற, தள்ளி நிறுத்திய கண்ணாடிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து அளக்கும் கருவியைக் கொண்டு இதை அளந்தார்கள். கோண விட்டம் 1.105 மில்லி ஆர்க்செகண்ட். நம் பத்து ரூபாய் நாணயத்தை 5000 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரியும் அகலம் அது. தூரத்தோடு சேர்த்தால் ஆரம் 1.97 சூரிய ஆரம்.

இனி வெப்பநிலை. இந்த விண்மீனிலிருந்து நம் பூமியில் ஒரு சதுர மீட்டரில் விழும் மொத்த ஆற்றல், ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதைக் கோண விட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் 7420 கெல்வின், பிழை எல்லை 170. அதற்கு முன் சொல்லப்பட்ட மதிப்புகள் பெரும்பாலும் இதைவிட அதிகம். நிறமாலையை மிகக் கவனமாக ஆராய்ந்த ஒரு குழு 1996இல் 7900 என்று சொல்லியிருந்தது. அவர்கள் அரைகுறையாக வேலை செய்தவர்கள் இல்லை. அளவுகோல் அப்படிப்பட்டது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றிருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர மனமில்லை. வெப்பநிலை, கோண விட்டத்தின் வர்க்கமூலத்தையும் மொத்த ஆற்றலின் நான்காம் மூலத்தையும் பொறுத்தது. அதனால் விட்டத்தில் 3 சதவீதம் பிழை இருந்தாலும் வெப்பநிலையில் அதில் பாதிதான் ஏறும். ஆற்றலில் 4 சதவீதம் பிழை இருந்தால் வெப்பநிலையில் 1 சதவீதம்தான். இயற்கை இங்கே நம்மிடம் தாராளமாக நடந்துகொள்கிறது. இருந்தும் மொத்த ஆற்றலை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விசித்திர விண்மீன் புற ஊதாவில்தான் தில்லுமுல்லு செய்கிறது, புற ஊதா நம் காற்று மண்டலத்தைத் தாண்டி வராது. ஆகவே வானில் பறந்த கருவி வேண்டும். 1978 முதல் 1996 வரை இயங்கிய ஐ.யூ.இ. செயற்கைக்கோளின் பதிவுகள் இன்றும் இந்த வேலைக்குப் பொக்கிஷம். புது வசதி வந்ததும் பழைய பதிவுகளைத் தூக்கி எறிகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆரம் கிடைத்ததும் இன்னொரு கதவு திறக்கிறது. ஆல்பா சர்சினியில் திட்டுகள் வந்து போவதால் அதன் பிரகாசம் 4.48 நாளுக்கு ஒருமுறை மிகச் சிறிதளவு மாறுகிறது. அதுவே சுழற்சிக் காலம். 1.97 சூரிய ஆரமுள்ள உருண்டை 4.48 நாளில் ஒருமுறை சுழன்றால், நடுக்கோட்டில் வேகம் விநாடிக்கு 22 கிலோமீட்டர் இருக்க வேண்டும். நிறமாலை வரிகளின் அகலமோ 13 கிலோமீட்டர் என்கிறது. முரண்பாடு ஒன்றுமில்லை. அச்சு நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் வேகத்தில் ஒரு பகுதிதான் நமக்குத் தெரியும். 13ஐ 22ஆல் வகுத்தால் சாய்வின் சைன் கிடைக்கும், அதன்படி சாய்வு ஏறக்குறைய 36 பாகை. தூரம், அகலம், காலம், வேகம் ஆகிய நான்கும் நான்கு வேறு கருவிகளிலிருந்து வந்து ஒரே விண்மீனில் பொருந்துகின்றன. இந்தச் சாய்வு தெரியாமல் அந்த விண்மீனின் மேற்பரப்பில் எந்தத் தனிமம் எங்கே திட்டாக இருக்கிறது என்று வரைபடம் போட முடியாது, காந்த அச்சு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

நிறைக்கு வருவோம். ஆல்பா சர்சினி 6.8 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது. 1978இல் டொனால்ட் குர்ட்ஸ் தென்னாப்பிரிக்காவில் ப்ஷிபில்ஸ்கியின் விண்மீன் 12 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்வதைக் கண்டுபிடித்த பிறகு, இப்படி வேகமாக அதிரும் விசித்திர விண்மீன்கள் தனிக் குடும்பமாயின. அதிர்வெண்களுக்கு இடையே உள்ள சீரான இடைவெளி, விண்மீனின் சராசரி அடர்த்தியைச் சொல்லும். ஆல்பா சர்சினியில் இதை அளந்த கருவியின் கதை சுவையானது. நாசாவின் ஒயர் செயற்கைக்கோள் 1999இல் ஏவப்பட்ட சில நாட்களிலேயே அதன் குளிர்விக்கும் ஹைட்ரஜன் முழுவதும் ஆவியாகிப் பிரதானத் தொலைநோக்கி உதவாமல் போயிற்று. ஆனால் திசை பார்ப்பதற்காக அதில் வைத்திருந்த 5 சென்டிமீட்டர் காமிரா நன்றாக இருந்தது. அதை வைத்துப் பிரகாசமான விண்மீன்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஆல்பா சர்சினிக்குக் கிடைத்த இடைவெளி சுமார் 60 மைக்ரோஹெர்ட்ஸ். சூரியனுக்கு அது 135. இரண்டின் விகிதத்தை வர்க்கமாக்கினால் அடர்த்தி சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு. ஆரத்தின் கனத்தால் பெருக்கினால் நிறை 1.5 சூரிய நிறை என்று வருகிறது. விண்மீன் பரிணாம மாதிரிகளோ 1.7 என்கின்றன. சூரியனை வைத்துச் செய்த இந்த எளிய விகிதத்தில், அதிர்வெண்களைப் பலத்த காந்தப்புலம் எப்படி இடம்பெயர்க்கிறது என்ற கணக்கு சேரவில்லை. ஆகவே இந்த வித்தியாசத்தை நான் குறையாக எண்ணவில்லை. தராசு இல்லாமல் இவ்வளவு நெருங்கியதே பெரிது.

ஆல்பா சர்சினிக்குப் பிறகு வேலை அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலைக்குப் போனது. அங்கே ஆறு ஒரு மீட்டர் தொலைநோக்கிகளை 330 மீட்டர் வரை பரப்பி வைத்திருக்கும் சாரா குறுக்கீட்டுமானி இருக்கிறது. அதைக் கொண்டு பீட்டா கொரோனே பொரியாலிஸ், காமா ஈக்வுலீ, 10 அக்விலே என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். 10 அக்விலேயின் விட்டம் 0.28 மில்லி ஆர்க்செகண்ட்டுக்கும் குறைவு. ஆனால் ப்ஷிபில்ஸ்கியின் விண்மீன் இன்னும் எட்டாக்கனிதான். அது 350 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி, தெற்கில், எட்டாம் ஒளிமானத்தில் மங்கலாக இருக்கிறது. ஆரம் சூரியனைப்போல் இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால் கோண விட்டம் 0.17தான் வரும். மிகவும் விசித்திரமான விண்மீனில் மிகவும் நேர்மையான அளவீடு செய்ய முடியவில்லை. இப்படித்தான் அமைந்திருக்கிறது.

வெப்பநிலையும் ஆரமும் நேராக நின்ற பிறகு தனிமங்களை அளப்பதற்கு அர்த்தம் வருகிறது. அங்கேயும் தடை உண்டு, அது வானத்தில் இல்லை, பூமியில் இருக்கிறது. ஒரு வரியின் வலிமையைத் தனிமத்தின் அளவாக மாற்ற, அந்த அணு அந்த அலைநீளத்தை எவ்வளவு ஆர்வமாக உறிஞ்சும் என்ற எண் வேண்டும். இதை ஆய்வகத்தில் அளக்க வேண்டும் அல்லது கணக்கிட வேண்டும். அருமண் அயனிகளுக்கு இந்த எண்கள் நெடுங்காலம் இல்லாமலே இருந்தன. வியன்னா அணுவரித் தரவுத்தளம் வளர வளர, பழைய நிறமாலைகளிலேயே புதிய விடைகள் கிடைக்கின்றன. தொலைநோக்கியைக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் மாலையில் ஓர் இழைகூட இந்த எண்களை அளக்கிறவருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை.

தனிமங்களை அளக்கும்போது எதிர்பாராத விடைகளும் வருகின்றன. ஹபிள் தொலைநோக்கி கை லூபி என்ற விண்மீனின் பாதரச வரியைப் பிரித்துப் பார்த்தபோது, அங்கிருக்கும் பாதரசம் ஏறக்குறைய முழுவதும் 204 என்ற கனமான ஐசோடோப்பாக இருந்தது. பூமியின் பாதரசத்தில் அது 7 சதவீதம்தான். ஒளியின் தள்ளலும் ஈர்ப்பும் சேர்ந்து ஐசோடோப்புகளையே தரம் பிரித்துவிட்டன. நாம் முதலில் பார்த்த அல்ஃபெராட்ஸில் பாதரசம் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கிறது. ஏழு ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, அந்தத் திட்டுகள் மெல்ல உருமாறுவதைக் காட்டியது. காந்தப்புலம் அங்கே தென்படவில்லை. திட்டுகளைப் பிடித்து வைப்பது எது, நகர்த்துவது எது என்பது இந்தத் துறையின் தீராத வழக்குகளில் ஒன்று.

நம் நாட்டுப் பங்கையும் சொல்ல வேண்டும். 1997இல் நைனிடாலின் வானாய்வகமும் தென்னாப்பிரிக்க வானாய்வகமும் இஸ்ரோவின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, வடவானத்தில் அதிரும் விசித்திர விண்மீன்களைத் தேடத் தொடங்கின. அதுவரை இத்தேடல் பெரும்பாலும் தெற்கிலேயே நடந்திருந்தது. நைனிடாலின் 104 சென்டிமீட்டர் சம்பூர்ணானந்த் தொலைநோக்கியில் அகப்பட்டதுதான் எச்.டி. 12098. அதிர்வுக் காலம் 7.6 நிமிடம். ஒளி மாற்றமோ மிக மிகச் சிறியது. மலைமேல் காற்று சற்றுக் கலங்கினாலும் அழிந்துவிடும் அந்தத் துடிப்பை விடாமல் துரத்தினார்கள்.

இங்கே கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். டெஸ் செயற்கைக்கோள் பதிவுசெய்யும் விண்மீன்களின் ஒளி மாற்றம் முழுவதும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கிறது. கையா செயற்கைக்கோள் அளந்த தூரங்களும் அப்படியே. விசித்திர விண்மீன்களின் அட்டவணையிலிருந்து ஒன்றை எடுங்கள். அதன் சுழற்சிக் காலத்தை வீட்டுக் கணினியில் நீங்களே கண்டுபிடிக்கலாம். வரி அகலத்திலிருந்து வரும் வேகம் ஏற்கெனவே அச்சில் இருந்தால், காலத்தை வேகத்தால் பெருக்கி 50.6ஆல் வகுங்கள். காலம் நாளிலும் வேகம் விநாடிக்குக் கிலோமீட்டரிலும் இருக்கட்டும். விடை, சூரிய ஆரத்தில் அந்த விண்மீனின் குறைந்தபட்ச ஆரம். நிறத்தை வைத்து அதற்கு யாராவது இதைவிடச் சிறிய ஆரம் கொடுத்திருந்தால், மூன்று எண்களையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, தயங்காமல் எழுதி அனுப்புங்கள்.